மேலிருந்து பார்த்தால்: மட்டக்களப்பு, அம்பாறை நிலமும் அதன் பாறையும்

களுவாஞ்சிகுடிப் பக்கத்தில் உயர்தர மாணவர்களுக்குப் புவியியல் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "செய்மதிப் படங்களை வைத்து நிலத்தோற்றத்தைக் கற்பிக்க விரும்புகிறேன். மலைநாட்டுப் பிள்ளைகளுக்கு மலைத்தொடரும் பள்ளத்தாக்கும் அருவியும் இருக்கின்றன. எங்கள் பக்கத்தில் வயலும் வாவியும் மணலும்தான். மேலிருந்து பார்த்து அறிந்துகொள்ளக்கூடிய புவிச்சரிதவியல் இங்கே ஏதும் உண்டா? உண்டென்றால் எங்கிருந்து தொடங்குவது?"

நிறையவே உண்டு. மலைநாட்டில் வாழ்பவருக்கு மலையைக் காணச் செய்மதி தேவையில்லை. வாசலுக்கு வந்தாலே அது கண்ணில் படும். வாவிக்குக் கிழக்கேயுள்ள கரையோர நிலமான எழுவான்கரையிலோ ஏற்றத்தாழ்வு முழுவதும் சில மீற்றருக்குள் அடங்கிவிடுவதால், தரையில் நிற்பவருக்கு எல்லாம் ஒரே மட்டமாகவே தோன்றும். ஆனால் எங்கே ஊர் அமைய வேண்டும், எங்கே தண்ணீர் தேங்க வேண்டும், எந்தக் கிணறு இனிக்க வேண்டும், எந்தக் கிணறு உவர்க்க வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்திருப்பது அந்தச் சில மீற்றர்தான். ஆகவே மேலிருந்து பார்ப்பதால் கூடுதலான பயனை அடைபவர்கள் தட்டை நிலத்தில் இருப்பவர்களே என்பது நில அளவை வேலையில் நீண்டகாலம் இருந்த என்னுடைய கருத்து.

உங்கள் ஊர் அமைந்திருக்கும் மணல் நிலத்திலேயே தொடங்குங்கள். கல்லடியிலிருந்து தெற்கே காத்தான்குடி, ஆரையம்பதி, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், களுதாவளை, களுவாஞ்சிகுடி, கல்லாறு என்று ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடி நீளுகின்றன. கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவே ஒடுங்கிய மணல் நிலம். செய்மதிப் படத்தில் இப்பகுதியைப் பெரிதாக்கிப் பார்த்தால், மரங்களின் கரும்பச்சையும் வீடுகளின் கூரைகளும் வெளிர்நிறப் பள்ளங்களும் கரைக்கு இணையாக நீளக் கோடுகளாக ஓடுவதைக் காணலாம். இவை பழைய கடற்கரை மேடுகளும் அவற்றுக்கிடையே உள்ள பள்ளங்களும் ஆகும். கடல் மணலைக் கொண்டுவந்து சேர்க்கச் சேர்க்க, ஒரு மேட்டுக்கு முன்னால் இன்னொரு மேடாகக் கரை கிழக்கு நோக்கி வளர்ந்திருக்கிறது. ஒவ்வொரு கோடும் ஒரு காலத்தில் அலை வந்து மோதிய விளிம்பு. மேட்டில் குடியிருப்பும் தென்னையும், பள்ளத்தில் தண்ணீரும் புல்லும் என்ற ஒழுங்கை மனிதர் மாற்றியது குறைவு. அண்மைக் காலத்தில் பள்ளங்களை நிரப்பி வீடு கட்டத் தொடங்கிய பிறகுதான் ஒழுங்கு குழம்பியது. மாரியில் முதலில் வெள்ளம் ஏறும் வளவுகள் எவை என்று பார்த்தால், அவற்றுட் பல இத்தகைய நிரப்பிய பள்ளங்களாகவே இருக்கும்.

கல்லடியிலும் சாய்ந்தமருதிலும் தோணா என்று சொல்லப்படும் நீர்நிலைகளும் இவ்வகைப் பள்ளங்களே. தெருவில் நின்று பார்ப்பவருக்குத் தோணா ஒரு வாய்க்காலாகவோ, சில இடங்களில் குப்பை சேர்ந்த குட்டையாகவோ தெரியும். மேலிருந்து பார்த்தால் அது கரைக்கு இணையாகக் கிடந்து, மழைக்காலத்தில் நிரம்பி, ஓரிடத்தில் கடற்கரை மேட்டை உடைத்துக்கொண்டு கடலில் சேரும் நீண்ட பள்ளம் என்பது உடனே விளங்கிவிடும். வாவி பெரிய அளவில் செய்வதைத் தோணா சிறிய அளவில் செய்கிறது.

இதே மணல்தான் குடிநீரையும் தருகிறது. மழைநீர் மணலில் இறங்கி, தன்னைவிட அடர்த்தி கூடிய உவர்நீரின்மேல் மிதக்கும் ஒரு வில்லையாகத் தங்குகிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 மீற்றர் உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம் வரை நன்னீர் இருக்கலாம் என்பது கோட்பாட்டுக் கணக்கு. நடைமுறையில் அந்த வில்லை இதைவிட மிக மெல்லியதாகவே இருக்கும். அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்து உவர் ஏறிவிடும். களுதாவளையின் வெற்றிலைக் கொடிக்கால்களும் மரக்கறித் தோட்டங்களும் கோடைக்காலப் படத்தில்கூடப் பச்சையாகத் தெரிவதற்கு இந்த நன்னீரே காரணம்.

இனி வாவி. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் வடபகுதிகளில் பனிப்பாளங்கள் விரிந்திருந்த காலத்தில், கடல் மட்டம் இன்றையதைவிட 120 மீற்றர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. அப்போது நமது ஆறுகள் இன்றைய கரைக்கு அப்பால் நெடுந்தூரம் ஓடிக் கடலில் விழுந்தன. அதற்கேற்பத் தங்கள் பள்ளத்தாக்குகளையும் ஆழமாக வெட்டிக்கொண்டன. பனி உருகிக் கடல் ஏறியபோது அந்தப் பள்ளத்தாக்குகளின் கீழ்ப்பகுதிகள் மூழ்கின. ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றையதைவிடச் சிறிது உயர்ந்தே நின்றது; அதன் பிறகு அலைகள் மணலை ஒதுக்கி, மூழ்கிய பள்ளத்தாக்குகளின் வாய்களை அடைத்தன. அப்படி அடைபட்ட நீரே மட்டக்களப்பு வாவி. நீளம் ஏறத்தாழ 56 கிலோமீற்றர், பரப்பு 140 சதுர கிலோமீற்றருக்குச் சற்று அதிகம்.

இந்த வரலாற்றுக்கான சான்றைப் பிள்ளைகளே படத்தில் கண்டுபிடிக்கலாம். வாவியின் கிழக்குக் கரையை விரலால் தடவிக்கொண்டு போகச் சொல்லுங்கள். பெரும்பாலும் வழுவழுப்பாகவே போகும், ஏனெனில் அது அலை அமைத்த மணல். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பக்கம் மகிழடித்தீவு, முனைக்காடு, மண்டூர் என்று வரும்போது கரை உள்ளே போவதும் வெளியே வருவதுமாக நெளியும், ஏனெனில் அது ஆறுகள் வெட்டி, கடல் மூழ்கடித்த நிலம். ஒரே நீர்நிலையின் இரு கரைகளும் இருவேறு வழிகளில் உருவானவை என்பதை இதைவிட எளிதாகக் காட்டும் இடம் இலங்கையில் அதிகமில்லை என்று நினைக்கிறேன்.

வாவி கடலோடு சேரும் வாயான, பாலமீன்மடுவில் உள்ள முகத்துவாரத்துக்குத் தனியாக ஒரு பாடவேளை ஒதுக்கலாம். மழையற்ற மாதங்களில் வாவியிலிருந்து வெளியேறும் நீரின் வலு குறையும்போது அலை கொண்டுவரும் மணல் வாயை மூடிவிடும். மாரியில் நீர் ஏறி, படுவான்கரை வயல்கள் மூழ்கத் தொடங்கியதும் முகத்துவாரத்தை வெட்டுவதா, எப்போது வெட்டுவது, எவ்வளவு அகலத்தில் வெட்டுவது என்று வயற்காரருக்கும் மீனவருக்கும் இடையே எழும் வாக்குவாதம் இங்கு எல்லாரும் அறிந்ததே. ஒருவருக்கு வெள்ளம் வடிய வேண்டும். மற்றவருக்கு மீனும் இறாலும் வடியக் கூடாது. ஓர் ஆண்டின் செய்மதிப் படங்களை வரிசையாக வைத்தால் வாய் மூடுவதும் திறப்பதும் இடம் விலகுவதும் தெளிவாகத் தெரியும். திறந்த நாட்களின் படங்களில் கபில நிறக் கலங்கல் கடலுக்குள் புகுந்து தெற்கு நோக்கி வளைவதைக் கவனியுங்கள். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் நமது கிழக்குக் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடுவதே அதற்குக் காரணம்.

முகத்துவாரத்துக்கு அருகே வாவிக்கும் கடலுக்கும் நடுவே நாக்குப்போல நீண்டிருக்கும் நாவலடியையும் அதே படத்தில் காண்பீர்கள். 2004 டிசம்பர் 26 இல் அந்த ஊர் ஏன் அப்படி அழிந்தது என்பதற்கு விளக்கம் தேவைப்படாது. இரு பக்கமும் தண்ணீர், ஒதுங்குவதற்கு மேட்டுநிலம் இல்லை. வகுப்பில் அந்த இழப்பைச் சுமந்த குடும்பத்துப் பிள்ளைகள் இருக்கக்கூடும் என்பதால் பாடத்தின் இந்தப் பகுதியைக் கவனமாக நடத்துங்கள்.

மேற்சொன்ன கலங்கல் தெற்கே போகிறது என்பதால் மணலும் தெற்கேதான் போகும் என்று மாணவர்கள் எண்ணிவிடுவார்கள். சேற்றை நீரோட்டம் கொண்டுபோகும். கரையோர மணலையோ சாய்வாக வந்து மோதும் அலையே நகர்த்துகிறது. அந்த அலையின் கணக்கை அறிய அம்பாறை மாவட்டத்தின் தெற்குக்குப் போக வேண்டும். பாணமையிலிருந்து அறுகம்குடா வழியாகப் பொத்துவில் வரை உள்ள கரையில் பாறை முனையும் குடாவும் மாறி மாறி வருகின்றன. ஒவ்வொரு குடாவும் தெற்கு முனையை ஒட்டிக் கொக்கிபோல இறுக்கமாக வளைந்து, வடக்கே போகப்போக நிமிர்ந்து நேராகிறது. தெற்கிலிருந்து வரும் பேரலைகள் நைஸ் (gneiss) என்ற கடினமான உருமாறிய பாறையின் முனையில் திரும்பி, விசிறிபோல விரிந்து கரையைத் தொடுவதால் ஏற்பட்ட வடிவம் இது. அறுகம்குடாவுக்கு ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை அலைச்சறுக்குக்காரர் உலகெங்கிலுமிருந்து வருவதும் இந்தத் திருப்பத்துக்காகத்தான். வடகீழ்ப் பருவத்தில் மணல் எதிர்த்திசையிலும் நகரும் என்றாலும், ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் இந்தக் கரையில் மணல் வடக்கு நோக்கியே போகிறது.

இதை மறந்தால் என்ன நேரும் என்பதற்கு ஒலுவில் கண்முன்னே இருக்கிறது. 2013 இல் திறக்கப்பட்ட துறைமுகத்தின் அலைதாங்கிகள் கடலுக்குள் நீண்டு மணலின் வழியை மறித்தன. கூகுள் ஏர்த்தில் பழைய படங்களைக் காட்டும் வசதியைத் திறந்து, அலைதாங்கி இல்லாத காலத்துப் படத்தையும் அதற்குப் பிந்திய படங்களையும் ஒப்பிடுங்கள். அலைதாங்கிக்குத் தெற்கே மணல் சேர்ந்து கரை வெளியே தள்ளியிருக்கும். வடக்கே ஒலுவில், நிந்தவூர்ப் பக்கம் கரை உள்ளே அரிக்கப்பட்டு, தென்னைகளும் காணிகளும் போயிருக்கும். துறைமுக வாயிலும் மணல் சேர்ந்திருக்கும். பாறை முனையொன்று ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல மெல்லச் செய்ததைக் கட்டிய முனையொன்று சில ஆண்டுகளில் செய்திருக்கிறது. தெற்கேயுள்ள குடாக்களின் வடிவத்தை ஒருமுறை கவனித்தவர் எவரும் இதை எதிர்பார்த்திருப்பார் என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பாசிக்குடாவும் கல்குடாவும் படத்தில் அழகாக இருக்கும். ஆழமற்ற மணற்றளத்தின் வெளிர்நீலமும் முருகைக்கல் திட்டுகளின் கருமையும் பிரித்தறிய எளிது. அதற்கு மேல் அங்கே நெடுநேரம் தங்கவேண்டியதில்லை.

கரையை விட்டு மேற்கே போனால் பாடம் குளத்துக்கு மாறுகிறது. மேலிருந்து பார்க்கும்போது குளத்தைப் போல நிலத்தின் சாய்வைச் சொல்லித்தருவது வேறொன்றுமில்லை. குளக்கட்டு உள்ள பக்கம் கோடு அழுத்தமாகவும் ஒழுங்காகவும் இருக்கும்; எதிர்ப்பக்கம் தண்ணீர் கிளைகிளையாக நிலத்துக்குள் நுழைந்து விளிம்பு மங்கலாக இருக்கும். கட்டுள்ள பக்கம் தாழ்வு, கிளைவிட்ட பக்கம் உயர்வு. உன்னிச்சை, உறுகாமம், நவகிரி ஆகிய மூன்றையும் பார்த்து, ஒவ்வொன்றிலும் கட்டு எந்தப் பக்கம் என்று குறித்தால், உயரவரைகோடு (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு) எதுவும் இல்லாமலேயே நிலம் வாவியை நோக்கிச் சரிவதை மாணவர் சொல்லிவிடுவார்கள். நிரம்பிய குளத்தின் விளிம்பே ஓர் உயரவரைகோடு என்பதையும் இங்கேயே கற்பித்துவிடலாம்.

அதைப் பெரிய அளவில் காட்டுவதற்கு இங்கினியாகலையில் உள்ள சேனாநாயக்க சமுத்திரம் பொருத்தமானது. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின்கீழ், பட்டிப்பளை ஆற்றை மறித்துக் கட்டப்பட்ட இந்த நீர்த்தேக்கம் ஏறத்தாழ 95 கோடி கனமீற்றர் நீரைக் கொள்ளக்கூடியது. மேலிருந்து பார்த்தால் அதன் விளிம்பு எண்ணற்ற கிளைகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு கிளையும் மூழ்கிய ஓர் ஓடை. நடுவிலுள்ள தீவுகள் பழைய குன்றுகளின் உச்சிகள். அவற்றுக்கிடையே யானைகள் நீந்திப் போவதைப் பார்க்கவே பலர் படகில் போகிறார்கள். கோடையில் நீர் இறங்கும்போது தீவுகளைச் சுற்றி வெறுமண் வளையங்கள் தோன்றும். அணை எங்கே நிற்கிறது என்பதையும் கவனியுங்கள்: இரண்டு பாறை மேடுகளுக்கிடையே ஆறு ஒடுங்கி வெளியேறிய வாயில். நீர்ப்பாசனப் பொறியியலாளர் இடத்தைத் தெரிவு செய்தாலும், அந்தத் தெரிவைப் பாறை முன்பே குறுக்கிவைத்திருந்தது.

அந்தப் பாறை எது? இலங்கை நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு அடியில் இருப்பது மிகப் பழைய, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பளிங்குருப் பாறை. மலைநாட்டை உள்ளடக்கிய நடுப்பகுதி உயர்நிலத் தொகுதி எனவும், மட்டக்களப்பும் அம்பாறையும் பெரும்பாலும் அமைந்துள்ள கிழக்குப் பகுதி விஜயன் தொகுதி எனவும் வகுக்கப்பட்டுள்ளன. விஜயன் தொகுதியின் மூலப்பாறைகள் ஏறத்தாழ 100 முதல் 110 கோடி ஆண்டுகளுக்கு முன் கருங்கல் இனப் பாறைகளாக இறுகியவை. உயர்நிலத் தொகுதியிலோ அதைவிட மிகப் பழைய பொருள் அடங்கியிருக்கிறது. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானாப் பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில், உயர்நிலத் தொகுதி விஜயன் தொகுதியின்மேல் ஏறித் தள்ளப்பட்டது. விஜயன் தொகுதிக்கு உறவான பாறைகள் இன்று கிழக்கு அந்தார்ட்டிக்காவிலும் மொசாம்பிக்கிலும் காணப்படுகின்றன. வங்காள விரிகுடாவைப் பார்த்து நிற்கும் நமது கரைக்கு அந்தக் காலத்தில் கடலே கிடையாது. எதிரே தொடர்ந்திருந்தது அந்தார்ட்டிக்கா நிலம்.

இந்த இரு தொகுதிகளின் வேறுபாடு வானிலிருந்து தெளிவாகத் தெரியும். கொழும்புப் பக்கமிருந்து சிறிய விமானத்தில் மட்டக்களப்புக்கு வரும் வாய்ப்புக் கிடைத்தால் இடப்பக்கச் சாளர இருக்கையைக் கேளுங்கள். மார்கழி, தை மாதக் காலைகளில் சூரியன் தென்கிழக்கில் இருப்பதால், வடக்கே பார்க்கும் அந்தச் சாளரத்தில் கண்கூச்சம் குறைவு. மலைநாட்டைக் கடக்கும்போது மலைகள் நீண்ட, இணையான முதுகுகளாக வரிசையாய் ஓடும். தேயாத குவார்ட்சைட்டுப் பாறை முதுகாக நிற்க, கரையக்கூடிய சலவைக்கல் பள்ளத்தாக்காகிவிட்டது. மகியங்கனைப் பக்கம் நிலம் தாழ்ந்து விரிந்த பிறகு அந்த வரிசைகள் மறைந்துவிடும். அதற்குக் கிழக்கே காட்டுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக, மொட்டைப் பாறைக் குன்றுகள் தனித்தனியே எழும்பி நிற்கும். 534 மீற்றர் உயரமான குடும்பிமலை இவற்றுள் பெயர்பெற்றது. இரு தொகுதிகளும் சந்திக்கும் எல்லைப் பகுதியை அண்டியே மகாஓயாவின் வெந்நீர் ஊற்றுகளும் உள்ளன. எரிமலைக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள இயல்பான வெப்பத்தால் சூடேறித் திரும்பி வருகிறது. மேலிருந்து ஊற்றைக் காண இயலாது. காட்டுக்குள் ஓடைகள் திடீரென நேர்கோட்டில் ஓடும் இடங்களைக் கண்டால், அடியில் அத்தகைய வெடிப்புகள் உண்டென்று ஊகிக்கலாம்.

தனிக்குன்றுகள் ஏன் மொட்டையாக, உருண்டையாக இருக்கின்றன என்பதை மாணவர் நிச்சயம் கேட்பார்கள். வெடிப்புக் குறைந்த பாறைத் திணிவு, சுற்றியுள்ள வெடிப்பு மிகுந்த பாறை சிதைந்து போன பின்னரும் நின்றுவிடுகிறது. மேலே கிடந்த சுமை நீங்கியதும் பாறை விரிந்து, மேற்பரப்புக்கு இணையாக வளைந்த தகடுகளாகப் பிளக்கிறது. இதைப் பார்க்கச் செய்மதி தேவையில்லை. தாந்தாமலைக்கோ உகந்தைக்கோ போகும் பிள்ளைகளிடம் பாறையின் ஓரத்தைக் கவனிக்கச் சொன்னாற் போதும். முழ அளவு தடிப்பான தகடுகள் ஒன்றின்மேலொன்றாகக் கிடக்கும். கீழ்த்தகட்டுக்கும் மேல்தகட்டுக்கும் இடையிலுள்ள வெடிப்பில் மண் சேர்ந்து, அதில் புல்லோ சிறுமரமோ வேர்விட்டிருக்கும். பாறையின் உடலில் மேலிருந்து கீழாக ஓடும் கருங்கோடுகள் மழைநீர் வழியும் தடங்களில் நுண்ணுயிர்கள் வளர்ந்ததால் ஏற்பட்டவை. குன்றின் உச்சியில் நின்று படுவான்கரையைப் பார்ப்பதும் மேலிருந்து பார்ப்பதுதான்; படத்தில் கண்ட குளக்கட்டுகளை அங்கிருந்து அடையாளம் காணச் சொல்லலாம்.

படங்களைப் பெறுவது இப்போது இலகு. அமெரிக்காவின் லாண்ட்சாட் செய்மதி வரிசை 1972 இல் தொடங்கியது. ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்கள் 2015 முதல் 10 மீற்றர் நுணுக்கத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாரி மாதங்களில் முகில் மறைத்துவிடும். அப்போது முகிலை ஊடுருவும் ராடார் செய்மதியான சென்டினல்-1 உதவும், அதில் வெள்ளம் கருமையாகத் தெரியும். தெளிந்த படங்களுக்கு மாசி முதல் சித்திரை வரையிலான காலத்தைத் தேடுங்கள்.

இரண்டு பொறிகளைப் பற்றி எச்சரிக்க வேண்டும். முதலாவது, குன்று குழியாகத் தெரிவது. நமது கண் வெளிச்சம் மேலிருந்து விழுவதாகவே எடுத்துக்கொள்ளும். மார்கழிப் படங்களில் வெளிச்சம் தென்கிழக்கிலிருந்து, அதாவது படத்தின் கீழ்ப்பக்கமிருந்து வருவதால், குடும்பிமலை ஒரு கிடங்குபோலத் தோன்றிவிடும். படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் மலை மலையாகிவிடும். இரண்டாவது, உயரத் தரவு. பலரும் பயன்படுத்தும் உயரத் தரவு 2000 பெப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ராடார் மூலம் எடுக்கப்பட்டது. அந்த ராடார் மரத்தின் தலையைத் தொட்டே பெரிதும் திரும்பியதால், கரையோரத் தென்னந்தோப்புகள் மேட்டுநிலமாகப் பதிவாகியிருக்கும். மலைநாட்டில் சில மீற்றர் பிழை பெரிதல்ல. முழு ஏற்றத்தாழ்வுமே சில மீற்றராக உள்ள எழுவான்கரையில் அந்தத் தரவை நம்பி எந்த வளவு வெள்ளத்துக்குத் தப்பும் என்று சொல்லிவிடக் கூடாது. ட்ரோன் பறக்கவிட விரும்பினால், சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளின்படி பதிவும் அனுமதியும் பெற வேண்டும். கல்லோயா, குமண போன்ற தேசிய பூங்காக்களுக்குள் அனுமதியின்றி எடுத்துச் செல்லவே கூடாது. பாடசாலைக்கு அந்தச் சிரமம் தேவையில்லை என்பேன்.

எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு: களுவாஞ்சிகுடியை நடுவில் வைத்து, கடலிலிருந்து வாவி வரை அடங்கும் ஒரு படத்தைப் பெரிதாக அச்சிடுங்கள். ஒவ்வொரு மாணவரும் தமது வீட்டைக் குறித்து, கிணற்று நீர் நல்லதா உவரா, மாரியில் முற்றத்தில் தண்ணீர் நிற்குமா என்பதை இரு நிறங்களில் பதியட்டும். முப்பது நாற்பது புள்ளிகள் சேர்ந்ததும், அவை கரைக்கு இணையான வரிசைகளாக அமைகின்றனவா, எங்கே வரிசை முறிகிறது, முறிந்த இடத்தில் பள்ளம் நிரப்பப்பட்டதா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். அந்தப் பாடம் முடிந்த பிறகு உன்னிச்சைக் குளக்கட்டுக்குப் போகலாம்.